கையில் தொட்ட கணக்கு: மரியா மாண்டிசோரி

கணக்கில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை 'மக்கு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்த ஒரு பெண்மணியின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்ற ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் மரியா மாண்டிசோரி. 1896இல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட சிறுவர்களுக்கு அவர் கற்பித்தார். அவர்களில் சிலர் மற்றப் பள்ளி மாணவரைப் போலவே தேர்வெழுதித் தேறினர். எல்லாரும் வியந்து பாராட்டினர். அவருக்கோ வேறொரு கவலை வந்தது: அப்படியானால், நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கின்றன?

1907 ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கும் பின்வந்த ஆண்டுகளிலும் அவர் உருவாக்கிய கருவிகள் மிக எளியவை. உப்புத்தாளில் வெட்டிய எண்ணைக் குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். ஒரு மணி என்றால் 1. கம்பியில் கோத்த பத்து மணிகள் 10. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் 100. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம் 1000. ஒரு கையில் ஒற்றை மணியையும் மறு கையில் கனசதுரத்தையும் ஏந்தும் குழந்தைக்கு, ஆயிரம் எவ்வளவு பெரியது என்பதை அதன் கனமே சொல்லிவிடும். ஆசிரியர் ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, ஒதுங்கி நின்று கவனிப்பார்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டு, ஐரோப்பா திரும்ப முடியாத நிலையில், கொடைக்கானலிலும் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் இறந்தார்.

சில மாதக் குழந்தையும் அளவின் வேறுபாட்டை உணர்கிறது என்று இன்றைய மூளை ஆய்வுகள் சொல்கின்றன. அந்த உணர்வை எண்ணோடும் குறியோடும் இணைக்கத்தான் காலமும் பயிற்சியும் வேண்டும். அச்சம் புகுந்தாலோ, கணக்கை மனதில் தாங்கி வைக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

எனவே பெற்றோரே, ஆசிரியர்களே, தவறான விடையோடு வரும் பிள்ளையிடம், அதை எப்படிச் செய்தாய் என்று முதலில் கேட்போம். புளியங்கொட்டையோ தீக்குச்சியோ கையில் கொடுப்போம். பிறகு சற்றுப் பொறுத்திருப்போம். ஒரு மதிப்பெண்ணை வைத்து எந்தக் குழந்தையையும் நாம் எடைபோடாதிருப்போம்.