எண்ணிக்கைக்கு அப்பால் காமா பயில்வான்

உடல் வலிமையைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சில் எப்போதும் எண்ணிக்கையே முன்னிற்கிறது. எத்தனை தண்டால், எத்தனை பஸ்கி, கதையை எத்தனை முறை சுழற்றினார் என்பதே கேள்வி. சுழற்றி முடித்த பின் அந்த உடல் எவ்வளவு நேரம் உறங்கியது, எதை உண்டது, அதை யார் பேணினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத இந்தப் பாதியில்தான் காமா பயில்வானின் வாழ்க்கை தரும் உண்மையான பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

காட்டுமன்னார்கோயிலில் வாழும் நான் பல ஆண்டுகளாகக் கர்லாக்கட்டையும் கதையும் சுழற்றி வருபவன். அண்மைக்காலமாக எங்கள் பகுதி இளைஞர்களிடமும் எஃகுக் கதை புழக்கத்துக்கு வந்திருக்கிறது. மூங்கில் தடியின் நுனியில் கல்லையோ சிமென்ட் உருண்டையையோ பொருத்திச் செய்துகொண்ட கருவி, இப்போது எஃகில் செய்யப்பட்டு இணையத்தில் விற்பனைக்கு வருகிறது. கைப்பேசிக் காணொலிகளைப் பார்த்து, ஒரே மூச்சில் ஐந்நூறு, ஆயிரம் என்று சுழற்ற முனைகிறார்கள். அவர்களில் பலர் உச்சரிக்கும் பெயர் காமா. அவரைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பது பெரும்பாலும் சில எண்களை மட்டுமே.

குலாம் முகம்மது பக்ஷ் என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878-ஆம் ஆண்டு பஞ்சாபில் மல்யுத்தக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும், பின்னர் மாமனும் அவரை வளர்த்து ஆளாக்கினர். 1888-இல் ஜோத்பூர் மகாராஜா நடத்திய உடல் வலிமைப் போட்டியில், பத்து வயதுச் சிறுவனாக அவர் கலந்துகொண்டார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்களுக்கிடையே பஸ்கி எடுக்கும் போட்டி அது. இறுதிவரை களத்தில் நின்ற பதினைந்து பேரில் ஒருவராகக் காமா இருந்தார். வயதைக் கருதி அவரையே வெற்றியாளர் என மகாராஜா அறிவித்தார்.

இந்த நிகழ்ச்சியை மேற்கோள் காட்டாத உடற்பயிற்சி ஆர்வலர் இல்லை. ஆனால் அதன் பின்பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. அப்போட்டிக்குப் பின் அச்சிறுவன் ஒரு வாரம் எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் கிடந்ததாகச் சொல்வார்கள். அந்த ஒரு வாரமும் அவரை யாரும் கோதாவுக்கு விரட்டவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அதன் பின்னர் தத்தியா சமஸ்தானத்தின் அரசர் அவரைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார். முறையான பயிற்சியும் முறையான உணவும் அங்கே கிடைத்தன.

வளர்ந்த காமாவின் அன்றாடப் பயிற்சி குறித்து இன்று சொல்லப்படும் கணக்குகள் மலைக்க வைப்பவை. மூவாயிரம் தண்டால், ஐயாயிரம் பஸ்கி, நாற்பது மல்லர்களுடன் பயிற்சி மல்யுத்தம் என்று அப்பட்டியல் நீள்கிறது. எழுதுபவருக்கு எழுதுபவர் எண் மாறுகிறது. எண்களைச் சற்றுக் குறைத்துக் கொண்டாலும், அது அசாதாரண உழைப்பு என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், அந்த உழைப்பைச் சூழ்ந்திருந்த ஏற்பாடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பாலும் நெய்யும் பாதாமும் இறைச்சியும் சமஸ்தானத்தின் செலவில் வந்தன. பயிற்சிக்குப் பின் எண்ணெய் தேய்த்து உடலைப் பிடித்துவிடுவது மல்லர் மரபின் அன்றாட ஒழுங்கு. அதிகாலையில் எழுவதற்காக இரவில் விரைவில் உறங்குவதும் அந்த ஒழுங்கில் அடங்கும். இவை அனைத்தையும் நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது, வரவை மறைத்துச் செலவை மட்டும் எழுதிய கணக்குப் புத்தகத்தை நம்புவதற்கு ஒப்பாகும்.

1910-இல், வங்காளச் செல்வந்தர் ஒருவரின் பொருளுதவியோடு, தம்பி இமாம் பக்ஷுடன் காமா லண்டன் சென்றார். ஐந்தடி எட்டு அங்குலத்தை எட்டாத அவரது உயரத்தைக் கண்ட போட்டி அமைப்பாளர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினர். எந்த எடையுள்ள மூவரையும் முப்பது நிமிடங்களில் வீழ்த்துவதாக அவர் அறைகூவல் விடுத்தார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலரை எளிதில் தோற்கடித்த பின்னரே உலகப் போட்டியின் கதவு திறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று நடந்த இறுதிப் போட்டியில் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். தரையோடு தரையாகப் படுத்துத் தற்காத்துக் கொண்ட ஸ்பிஸ்கோவை இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் போராடியும் புரட்ட முடியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபோட்டி அறிவிக்கப்பட்டது. காமா வந்தார், எதிராளி வரவில்லை. காமாவே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

அந்த வெற்றியை எதிராளியின் அச்சத்தால் கிடைத்ததாக மட்டும் பார்ப்பது வழக்கம். இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டிய உடல் ஏழே நாட்களில் மீண்டும் போட்டிக்கு ஆயத்தமாக நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு தாங்கினார் என்பதோடு, எவ்வளவு விரைவில் மீண்டார் என்பதும் மல்லரின் தகுதியைக் காட்டுகிறது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1928 ஜனவரியில், பாட்டியாலா மகாராஜாவின் முயற்சியில் அவ்விருவரும் மீண்டும் மோதினர். காமாவுக்கு அப்போது ஏறத்தாழ ஐம்பது வயது. லண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாத போட்டியை, பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். இளமையில் உடலை முற்றிலும் தேய்த்துத் தீர்த்துவிட்ட ஒருவரால் ஐம்பதில் இதைச் சாதித்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

1922-இல் இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர் காமாவுக்கு வெள்ளியாலான பெரிய கதை ஒன்றைப் பரிசளித்தார். வடநாட்டு மல்லர் மரபில் கதை என்பது பயிற்சிக் கருவியாகவும் வெற்றிச் சின்னமாகவும் விளங்குகிறது. அனுமனின் படைக்கலம் என்பதால் அதற்குத் தெய்விக மதிப்பும் உண்டு. அந்த மதிப்பை ஒரு முஸ்லிம் மல்லரும் பெருமையுடன் ஏற்றுத் தாங்கினார் என்பது நம் நாட்டுக் கோதாக்களின் பண்பாட்டைக் காட்டுகிறது.

கதையின் இயல்பைச் சற்று விளக்குவது இளைஞர்களுக்குப் பயன்படும். அதன் எடை முழுவதும் நீண்ட தடியின் ஒரு நுனியில் குவிந்திருக்கிறது. ஆகவே கையில் தூக்கும்போது ஐந்து கிலோவாக இருப்பது, முதுகுக்குப் பின்னால் ஊசலாகச் சென்று திரும்பும்போது அதைவிடப் பல மடங்கு கனமாகத் தோன்றும். அந்த விசையைத் தாங்குபவை தோள்பட்டையின் ஆழத்திலுள்ள சிறு தசைகளும், முழங்கை, மணிக்கட்டைச் சூழ்ந்த தசைநாண்களும் ஆகும். தசைக்கு ரத்த ஓட்டம் மிகுதி. அது விரைவில் தேறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகவே தேறும். தசை தயார் என்று சொல்லும் நாளில் நாண் இன்னும் தயாராகாமல் இருக்கும். ஆயிரம் சுழற்சிகளை நாள்தோறும் செய்பவர்களுக்கு முதலில் பழுதாவது பெரும்பாலும் முழங்கையும் தோளும் என்பதற்கு இதுவே காரணம்.

பழக்கமில்லாத உடலில் திடீரென அளவுக்கு மீறிய சுழற்சியோ பஸ்கியோ திணிக்கப்பட்டால் அதனினும் பெரிய ஆபத்து உண்டு. தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். கடும் வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால் அதைச் சூடு என்று எண்ணி இளநீர் குடித்துப் படுத்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நம் கடலூர் மாவட்டத்துக் கோடை வெயிலில் தண்ணீரும் உப்பும் குறைந்த உடலுக்கு இந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

வீராணம் ஏரியை நம்பி வாழும் எங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக நீர் வந்து ஏரி நிரம்பினால்தான் மதகைத் திறந்து பாசனத்துக்கு விட முடியும். வரத்தைப் பார்க்காமல் மதகைத் திறந்தே வைத்தால் எத்தனை பெரிய ஏரியும் தரை தட்டிவிடும். பயிற்சி என்பது மதகு. உணவும் உறக்கமும் இடைவெளியும் வடவாறு. நான் பின்பற்றும் ஒழுங்கும் இதுவே. கதை சுழற்றிய மறுநாள் நடையும் மூச்சுப் பயிற்சியும் மட்டுமே. எண்ணிக்கையை வாரத்துக்குச் சிறிதளவே கூட்டுவேன். பிடி தளர்ந்தாலோ சுழற்சியின் வட்டம் கோணினாலோ, எண்ணியிருந்த கணக்கு நிறைவடையாவிட்டாலும் கதையை இறக்கி வைத்துவிடுவேன். உறக்கம் குறைந்த நாளில் அதைத் தொடுவதில்லை.

ஆனால் ஓய்வு என்பது தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் கிடைப்பதன்று. காமாவின் பிற்கால வாழ்க்கை இதைத்தான் உணர்த்துகிறது. 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது அவர் லாகூரில் வாழ்ந்தார். வன்முறைக் கும்பல்கள் தெருவில் திரிந்த அந்நாட்களில், தம் பகுதியில் வசித்த இந்துக் குடும்பங்களுக்கு அரணாக அவர் நின்றதைப் பலரும் பதிவு செய்துள்ளனர். உலகையே வென்ற தோள்கள் அதனினும் உயர்ந்த பணியைச் செய்தது அப்போதுதான். ஆயினும், சமஸ்தானங்கள் மறைந்ததோடு அவரைப் பேணிய அரச ஆதரவும் மறைந்தது. முதுமையில் நோயும் பொருள்முடையும் அவரை வாட்டின. எல்லைக்கு இப்பால் இருந்த தொழிலதிபர் ஜி.டி. பிர்லா அவருக்கு மாத உதவித்தொகை வழங்கினார். பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவுக்கு உதவியது. 1960 மே மாதம் லாகூரில் அவர் காலமானார்.

ஒரு நாட்டின் பெருமையாக விளங்கிய உடலுக்கே, ஆதரவு நின்றதும் ஓய்வும் மருந்தும் அரிதாகிவிட்டன. அப்படியிருக்க, பெருமை ஏதுமின்றி உழைக்கும் உடல்களின் நிலை என்ன? மல்லர்கள் தம் பயிற்சியின் ஒரு பகுதியாகக் கோதா மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவார்கள். எங்கள் பகுதியில் வரப்பு வெட்டும் தொழிலாளி அதே அசைவைப் பயிற்சி என்ற பெயரில்லாமல் நாள் முழுவதும் செய்கிறார். குனிந்த முதுகுடன் நாற்று நடும் பெண்களின் கணக்கை எவரும் எண்ணுவதில்லை. அவர்களுக்குப் பாதாமும் இல்லை. உடலைப் பிடித்துவிட ஆளும் இல்லை. மறுநாள் ஓய்வு எடுத்தால் கூலியும் இல்லை. அவ்வீடுகளில் பிறந்த பிள்ளைகள்தாம் பகலில் வேலை செய்துவிட்டு, மாலையில் கதையைத் தூக்குகிறார்கள். அவர்களிடம் காமாவின் எண்களை மட்டும் கொடுத்து ஊக்கப்படுத்துவது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பை வேறு பாடங்களுக்கு விட்டுக்கொடுக்காமல் நடத்தி, பயிற்சியோடு மீட்சியையும் பாடமாகச் சொல்லித்தர வேண்டும். ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் உள்ள உடற்பயிற்சிக் கூடங்களில் கருவிகளை வைப்பதோடு நின்றுவிடாமல், அவற்றைக் கற்பிக்கத் தகுதியான பயிற்றுநரையும் அமர்த்த வேண்டும். நிலக்கடலை, முட்டை, பருப்பு, பால் என எளிதில் கிடைக்கும் உணவைக் கொண்டே உடலைத் தேற்ற முடியும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையங்கள் எடுத்துச் சொல்லலாம். வீட்டுப் பெரியவர்கள், களைத்து வந்த பிள்ளை சற்று அதிகம் உறங்கினால் அதைச் சோம்பல் என்று ஏசாதிருக்கலாம்.

2022-ஆம் ஆண்டு மே 22 அன்று, காமாவின் பிறந்தநாளையொட்டி கூகுள் நிறுவனம் அவர் வெள்ளிக் கதையுடன் நிற்கும் ஓவியத்தைத் தன் முகப்பில் வெளியிட்டது. அதைக் கண்டு அவரைப் பற்றித் தேடிய இளைஞர்கள் ஏராளம். அவர்கள் கண்டெடுத்த எண்களோடு, பத்து வயதுச் சிறுவன் ஒரு வாரம் படுத்திருந்த செய்தியையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாரத்தை அவருக்குக் கொடுக்க ஒரு குடும்பம் இருந்தது; ஒரு சமஸ்தானம் முன்வந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நாம்தாம்.