டிபார்ட்மெண்ட் மாறி வந்த தத்துவப் பேராசிரியர்

முதலில் லா படித்தார். மூணு செமஸ்டரில் அது ஒத்துவரலைன்னு மெடிசினுக்கு மாறினார். டாக்டர் ஆனபிறகு மனநல மருத்துவம், அப்புறம் உளவியல், கடைசியில் தத்துவம். நம்ம வீடாக இருந்தால் திட்டு வாங்கியே காலம் போயிருக்கும். ஆனா இருத்தலியல் பற்றிப் பேசுகிற யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது. பெயர் கார்ல் யாஸ்பர்ஸ்.

1883-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே நுரையீரல் தொந்தரவு. 18 வயசில்தான் என்ன நோய் என்று தெரிந்தது. அந்த நோய் வந்தவர்கள் முப்பது சொச்சம் வயசிலேயே இறந்துவிடுவார்கள் என்று அன்றைய மருத்துவக் கட்டுரை ஒன்று சொன்னது. அதைப் படித்தும் மனுஷன் ஒடுங்கிப் போகவில்லை. உடம்பு தாங்குகிற அளவுக்கு வேலையைத் திட்டமிட்டு வாழப் பழகினார்.

ஹைடெல்பெர்க் மனநல மருத்துவமனையில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். 1913-ல், தன் 30-வது வயதில், உளநோய்கள் பற்றி எழுதிய புத்தகம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. தத்துவத்தில் பட்டம் இல்லாதவர், 1920-களின் தொடக்கத்தில் அதே ஊர் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் ஆனார். ஹன்னா அரெண்ட் அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி.

அவருடைய முக்கியமான சிந்தனை எல்லைச் சூழ்நிலைகள். சாவு, துன்பம், போராட்டம், குற்றம் இதையெல்லாம் கணக்கு மாதிரி சால்வ் பண்ணி மூடி வைக்க முடியாது. அங்கே போய் முட்டி நிற்கும்போதுதான் நாம் யார் என்பது நமக்கே தெரியவரும் என்றார்.

எழுதியதை வாழ்ந்து காட்ட வேண்டிய நிலைமையும் வந்தது. அவர் மனைவி கெர்ட்ரூட் யூதர். நாஜி அரசு 1937-ல் யாஸ்பர்ஸின் வேலையைப் பறித்தது. அடுத்த வருஷம் அவர் எழுத்தை வெளியிடவும் தடை போட்டது. மனைவியை விவாகரத்து செய்திருந்தால் தப்பித்திருக்கலாம், செய்யவில்லை. 1942-ல் சுவிட்சர்லாந்து போக அனுமதி கிடைத்தது. ஆனா அவர் மட்டும்தான் போகலாம், மனைவி ஜெர்மனியிலேயே இருக்க வேண்டும். அவர் போகவில்லை. பிடிக்க வந்தால் சேர்ந்தே சாவோம் என்று இருவரும் விஷம் கையில் வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் 14-ல் அவர்களை நாடு கடத்த ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு ரெண்டு வாரம் முன்பே அமெரிக்க ராணுவம் ஹைடெல்பெர்க்கைப் பிடித்துவிட்டது.

போர் முடிந்ததும் அவர் பேசியது ஜெர்மானியர்களின் குற்றப் பொறுப்பைப் பற்றி. பாதிக்கப்பட்டவர் என்று தன்னை ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் கொல்லப்பட்டபோது உயிரோடு மிச்சமிருந்ததிலும் ஒரு குற்றம் இருக்கிறது என்றார், தன்னையும் சேர்த்து. பலருக்கு அது கசந்தது.

1948-ல் மனைவியோடு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போய்க் கடைசிவரை அங்கேயே இருந்தார். முப்பது சொச்சத்தில் போய்விடுவார் என்ற உடம்பு 86 வயசு வரை தாங்கியது. அவர் இறந்தது 1969 பிப்ரவரி 26. அன்றைக்குத்தான் கெர்ட்ரூடுக்கு 90-வது பிறந்தநாள்.