உழைப்பில் தெளிந்த உள்ளம்

மனம் சோர்ந்திருக்கும்போது சிறிது தூரம் நடந்து வருவதும், கைகளுக்கு ஒரு வேலை கொடுப்பதும் நன்மை தரும் என்பதைப் பலரும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் உடலுழைப்பு எப்போது மனத்துக்கு மருந்தாகிறது? எப்போது அது வெறும் களைப்பாக மட்டும் நின்றுவிடுகிறது? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றவர், ரஷ்ய நாட்டின் மாபெரும் எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய்.

பிரபுவின் வீட்டுப் பிள்ளை

மாஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தூலா மாநிலத்தில் உள்ளது யாஸ்னயா போல்யானா என்னும் பண்ணைக் கிராமம். அங்கே, ஒரு பிரபுக் குடும்பத்தில், 1828-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் டால்ஸ்டாய் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள் தாயையும், ஒன்பது வயது நிறைவதற்குள் தந்தையையும் இழந்தார். உறவினர்களின் அரவணைப்பில் வளர்ந்த அவர், கஸான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் பெறாமலேயே வெளியேறினார். பின்னர்ப் படையில் சேர்ந்து காக்கசஸ் மலைப்பகுதியிலும், செவஸ்தபோல் முற்றுகையிலும் பணியாற்றினார்.

இளமை முதலே அவருக்கு உடல்வலிமையில் பேரார்வம் இருந்தது. குதிரையேற்றம், வேட்டை, உடற்பயிற்சி ஆகிய அனைத்திலும் அவர் முனைந்து ஈடுபட்டார். 1862-இல் சோபியாவை மணந்தார். அவர்களுக்குப் பதின்மூன்று குழந்தைகள் பிறந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ என்னும் இரு பெரும் நாவல்கள் அவரது பேனாவிலிருந்து பிறந்தன. இரண்டாவது நாவலில் லெவின் என்னும் நிலக்கிழார் குடியானவர்களோடு சேர்ந்து நாள் முழுவதும் புல் அறுக்கிறான். அரிவாளின் வீச்சோடு மனமும் ஒன்றி, தன்னை மறந்து, களைப்பிலேயே இன்பம் காண்கிறான். எழுதியவர் தாமே வயலில் இறங்கிப் புல் அறுத்தவர் என்பது அப்பகுதியைப் படிப்போருக்கு எளிதில் விளங்கும்.

கயிற்றை மறைத்து வைத்தவர்

ஐம்பது வயதை நெருங்கியபோது டால்ஸ்டாயிடம் இல்லாத உலகியல் நன்மை எதுவும் இல்லை. பரந்த நிலம், அன்புள்ள மனைவி, நலமான குழந்தைகள், நாடெங்கும் பரவிய புகழ் ஆகிய அனைத்தும் இருந்தன. அப்போதுதான் ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. இவை அனைத்தும் எதற்காக? மரணம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்றால் வாழ்வதன் பொருள் என்ன? விடை கிடைக்கவில்லை. உயிர் வாழ்வதே பெரும் சுமையாயிற்று. தனியாக உறங்கும் அறையின் விட்டத்தைக் கண்டு அஞ்சி, அவர் கயிற்றைத் தம் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார். கையில் துப்பாக்கி இருந்தால் என்ன செய்துவிடுவோமோ என்று அஞ்சி, வேட்டைக்குச் செல்வதையும் நிறுத்தினார். ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்னும் நூலில் இவற்றையெல்லாம் அவரே ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

அதே நூல் மற்றோர் உண்மையையும் கூறுகிறது. அந்த இருண்ட நாட்களிலும் அவரது உடல் முழு வலிமையுடன் இருந்தது. குடியானவர்களுக்குப் பின்தங்காமல் அவரால் புல் அறுக்க முடிந்தது. எட்டுப் பத்து மணி நேரம் தொடர்ந்து எழுதவும் படிக்கவும் முடிந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. இங்கே சுவர் கல்லைப் போல் உறுதியாக இருந்தது. ஆயினும் அதன்மேல் எழுத எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. உடல்வலிமை மட்டுமே மனநலம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உழைப்பவர்களின் நடுவே

அறிஞர்களின் நூல்களில் கிடைக்காத விடையை டால்ஸ்டாய் எளிய உழவர்களின் வாழ்க்கையில் தேடத் தொடங்கினார். வறுமையும் நோயும் மரணமும் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. எனினும் அவர்கள் அவற்றை அமைதியுடன் ஏற்றனர். அன்றாடம் உழைத்தனர், இறைவனை நம்பினர், வாழ்க்கையை வெறுக்கவில்லை. குறை வாழ்க்கையில் இல்லை, பிறரது உழைப்பில் உண்டு வாழும் தமது வாழ்க்கை முறையில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1881-இல் பிள்ளைகளின் கல்விக்காகக் குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பங்கேற்ற டால்ஸ்டாய், நகரத்து ஏழைகளின் அவல நிலையை நேரில் கண்டார். பணத்தை வாரி வழங்குவதால் மட்டும் அந்தத் துன்பம் தீராது என்பதை உணர்ந்தார். முதலில் தம் சுமையைப் பிறர் தோளிலிருந்து இறக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அன்று முதல் தம் அறையைத் தாமே துப்புரவு செய்தார். விறகு பிளந்தார், வீட்டுக்கு வேண்டிய நீரைச் சுமந்து வந்தார். செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் பாடம் கேட்டு, தோலைத் தைத்துக் காலணி செய்யக் கற்றார். ஃபெத் என்னும் கவிஞர் அவரிடம் ஒரு ஜோடிக் காலணி செய்து வாங்கிக்கொண்டார்.

மாஸ்கோ ஆற்றின் அக்கரையில் உள்ள குன்றுக்குச் சென்று, கூலிக்கு விறகு அறுக்கும் குடியானவர்களோடு சேர்ந்து அவரும் அறுத்ததுண்டு. ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும் வழியில் ஒரு முதிய பிச்சைக்காரர் எதிர்ப்பட்டார். உடன் வந்த தொழிலாளி மூன்று கோபெக் காசைக் கொடுத்தார். டால்ஸ்டாய் இருபது கோபெக் கொடுத்தார். பின்னர் அவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார். இருவருடைய சேமிப்பையும் ஒப்பிட்டால், அந்தத் தொழிலாளி கொடுத்ததற்கு ஈடாகத் தாம் ஏறத்தாழ 3,000 ரூபிள் கொடுத்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. உடன் உழைத்ததால்தான் அந்தத் தொழிலாளியின் மனத்தை அவரால் அருகிலிருந்து காண முடிந்தது.

ஒரு நாளின் நான்கு பகுதிகள்

இந்த அனுபவங்களையெல்லாம் திரட்டி, நாம் செய்ய வேண்டியது என்ன என்று வினவும் நூல் ஒன்றை 1886-இல் அவர் எழுதி முடித்தார். மனிதனின் ஒரு நாளை அதில் நான்காகப் பிரித்தார். காலை உணவுக்கு முன் வியர்வை சிந்தும் கடின உழைப்பு. அதன்பின் நண்பகல் வரை விரல்களுக்குத் திறமை தரும் கைத்தொழில். பிற்பகலில் அறிவுக்கும் கற்பனைக்கும் உரிய வேலை. மாலையில் மனிதரோடு கூடிப் பழகுதல். இவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் வாழ்க்கை ஊனமுறும் என்பது அவரது கருத்து.

உடலுழைப்புக்கு நேரம் கொடுத்தால் எழுத்து கெடுமே என்னும் அச்சம் தொடக்கத்தில் அவருக்கும் இருந்தது. நடைமுறையில் நேர்மாறாக நிகழ்ந்தது. நாளில் எட்டு மணி நேரத்தை உடலுழைப்புக்குக் கொடுத்தபோது, அவர் இழந்தது முன்பு சலிப்போடு போராடிக் கழித்த நேரத்தை மட்டுமே. எஞ்சிய நேரத்தில் எழுத்துக்கு வேண்டிய ஐந்து மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. வேலை கடினமாக ஆக ஆக உடல் தேறியது, மனத்தில் மகிழ்ச்சி பெருகியது, பிறரிடம் கனிவும் கூடியது. இம்மூன்றும் ஒருங்கே வளர்ந்ததை அவர் வியப்புடன் குறித்துள்ளார்.

இக்காலத்தில் அவர் புலால், மது, புகையிலை ஆகியவற்றைப் படிப்படியாகக் கைவிட்டார். வேட்டையையும் துறந்தார். 1886-இன் வசந்த காலத்தில், முதுகில் மூட்டையுடன் மாஸ்கோவிலிருந்து யாஸ்னயா போல்யானா வரை, இளம் நண்பர்களோடு நடந்தே சென்றார். கிராமத்தில் ஆதரவற்ற விதவையின் நிலத்தை உழுது கொடுத்தார். அவர் ஏர் உழும் காட்சியை நேரில் கண்ட ஓவியர் ரேப்பின், 1887-இல் அதை ஓவியமாகத் தீட்டினார். 1891-இல் கொடும் பஞ்சம் வந்தபோது டால்ஸ்டாய் ரியாஸான் மாநிலத்துக்குச் சென்று தங்கினார். பனிப்புயலையும் பொருட்படுத்தாமல் ஊர் ஊராகச் சென்று, குடும்பத்தினருடனும் தொண்டர்களுடனும் சேர்ந்து 200-க்கும் மேற்பட்ட இலவச உணவுச்சாலைகளை அமைத்தார். அறுபதைக் கடந்த அந்த உடலின் உழைப்பு பல்லாயிரம் பேரின் பசியைத் தீர்த்தது.

புத்திர சோகம்

1895-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேரிடி விழுந்தது. பெற்றோரின் உயிராக இருந்த கடைசி மகன் வானிச்கா, ஏழு வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, செங்காய்ச்சலால் இறந்தான். தாய் சோபியா நிலைகுலைந்தார். தம் பணியை இச்சிறுவனே தொடர்வான் என்று நம்பியிருந்த தந்தையும் ஒடிந்துபோனார்.

அந்தத் துக்கத்தின் நடுவே, அந்த வசந்த காலத்தில், அறுபத்தாறு வயது டால்ஸ்டாய் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். மாஸ்கோ மிதிவண்டிச் சங்கத்தார் அவருக்கு ஒரு வண்டியை அளித்திருந்தனர். துறவு மனப்பான்மை கொண்ட அவரது அன்பர்களுள் சிலருக்கு இது பொருத்தமற்ற செயலாகப் பட்டது. டால்ஸ்டாய் இதில் குற்றம் எதையும் காணவில்லை. குழந்தையைப் போல மகிழ்வதற்கும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று அவர் கருதினார். துக்கத்தை அவர் மறுக்கவும் இல்லை, அதில் மூழ்கிவிடவும் இல்லை. முன்னொரு முறை வாழ்க்கை வெறுத்தபோது கயிற்றுக்கு அஞ்சியவர், இம்முறை மகனைப் பறிகொடுத்தும் வாழ்க்கையின் பக்கமே நின்றார். இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பு அவருள் செய்திருந்த மாற்றம் இதுவே.

தீராத ஒன்று

எனினும் உழைப்பு அவரது எல்லாத் துன்பங்களையும் தீர்த்துவிடவில்லை. கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்து, குடும்பத்தையும் பண்ணையையும் தாங்கி நின்றவர் சோபியா. மாபெரும் எழுத்தாளர் விறகு பிளப்பதும் காலணி தைப்பதும் அவருக்கு வீண்செயலாகத் தோன்றின. கணவர் உதறிய பொறுப்புகள் பலவும் மனைவியின் தோளில் ஏறின என்பதை மறுக்க இயலாது. சொத்து, நூல்களின் உரிமை ஆகியவை பற்றிய பிணக்கு முற்றியது. 1910 நவம்பர் 10-ஆம் நாள் விடியும் முன்பே, எண்பத்திரண்டு வயதில், டால்ஸ்டாய் வீட்டை விட்டு வெளியேறினார். வழியில் நுரையீரல் அழற்சி கண்டு, நவம்பர் 20-ஆம் நாள் அஸ்தாபவோ என்னும் சிறிய ரயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டில் உயிர் நீத்தார். ஏர் பிடித்த கைகளால் எத்தனையோ நிலத்தைப் பண்படுத்த முடிந்தது. இல்லத்தின் பிணக்கைத் தீர்க்க அவற்றால் முடியவில்லை.

பாரதத்தைத் தொட்ட பணி

அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், காந்தியடிகள் ஒரு பண்ணையை நிறுவினார். நண்பர் காலன்பாக் வாங்கி அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்றே பெயர் சூட்டப்பட்டது. குஜராத்திகள், தமிழர்கள், வட இந்தியர்கள் எனப் பலரும் அங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். நிலம் திருத்துவது முதல் கழிவகற்றுவது வரை எல்லா வேலைகளையும் தாமே செய்தனர். சொந்தக் காரியமாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது விதி. காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடாலயத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார், காந்தியடிகளிடம் மற்றவர்கள் கற்றனர். சிறை செல்லவும் துன்பம் ஏற்கவும் தேவையான மனவுறுதி, அந்த வயல்களிலும் பட்டறைகளிலும் உருவாயிற்று.

இன்று மருத்துவ உலகமும் உடலியக்கத்தின் பயனை வலியுறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். அது மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கத் துணைபுரிகிறது. மனம் மிகவும் இருண்டு, உயிரே சுமையாகத் தோன்றும் நிலையில் இருப்பவருக்கு மருத்துவரின் உதவியும் உற்றாரின் துணையும் இன்றியமையாதவை. நடையும் உழைப்பும் அவற்றோடு சேர வேண்டியவை, அவற்றுக்கு மாற்றாகா.

நிமிடங்களைக் கணக்கிடுவதோடு டால்ஸ்டாயின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் முடிந்துவிடுவதில்லை. தமக்காக மட்டும் வலிமை சேர்த்த உடல் அவரைக் காப்பாற்றவில்லை. நீர் சுமந்தும், விதவையின் நிலத்தை உழுதும், பசித்தவரைத் தேடிப் பனியில் அலைந்தும் களைத்த உடலே அவருக்கு வாழும் விருப்பத்தை மீட்டுத் தந்தது. அன்றாடம் வீட்டுக்குள்ளும் தெருவிலும் காத்திருக்கும் சிறிய வேலைகள் ஏராளம். அவற்றுள் ஒன்றைப் பிறர் சுமை குறையும்படி நம் கையால் செய்யும்போது, உடலும் உள்ளமும் ஒருங்கே நலம் பெறுகின்றன.