சர்க்கார் மேல் கேஸ் போட்டு ஜெயித்த சேலத்து கவுன்சிலர்... யார் இந்த விஜயராகவாச்சாரியார்?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே விளக்கு விளக்காகத் தெரியுமே சேலம், அது இன்று மாநகராட்சி. 1882-ல் சின்ன நகராட்சி. அதன் கவுன்சிலில் 30 வயது வக்கீல் ஒருவர் இருந்தார். அந்த ஒரே வருடத்துக்குள் கலவரத்தைத் தூண்டியதாகக் கைதாகி, பதவி பறிபோய், 10 வருட தண்டனையும் வாங்கினார். பிறகு எல்லாவற்றையும் கோர்ட்டில் திருப்பிப் போட்டார். அவர்தான் சி. விஜயராகவாச்சாரியார். பின்னாளில் தென்னிந்தியாவின் சிங்கம் என்று பட்டம் பெற்றவர், காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்தவர்.

இவர் பிறந்தது சேலத்தில் இல்லை. 1852 ஜூன் 18-ம் தேதி, செங்கல்பட்டு பக்கம் பொன்விளைந்த களத்தூரில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் சமஸ்கிருதமும் வேதமும்தான் படிப்பு. இங்கிலீஷ் பக்கம் வந்தது சுமார் 12 வயதில். மெட்ராஸில் பச்சையப்பா பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. 1875-ல் பட்டம் வாங்கி வாத்தியார் வேலைக்குப் போனார். மங்களூர் அரசுக் கல்லூரி ஒத்துவரவில்லை, ராஜினாமா செய்துவிட்டு சேலம் நகராட்சிக் கல்லூரிக்கு வந்தார். இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே, சட்ட வகுப்புக்குப் போகாமல் பரீட்சை எழுதித் தேறி 1881-ல் வக்கீல் ஆனார். சேலம் அவருக்குச் சொந்த ஊரானது இப்படித்தான்.

1882-ல் என்ன நடந்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டை பகுதியில் சாமி ஊர்வலம் போகும் பாதையில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. மேளதாளத்தோடு ஊர்வலம் போகலாமா, கூடாதா? பிரச்சினை இதில்தான் தொடங்கியது. இரண்டு தரப்பும் விடவில்லை. 1882 ஆகஸ்டில் அது பெரிய கலவரமாக வெடித்து, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது.

அடுத்து சர்க்கார் யாரையாவது பிடிக்க வேண்டும் இல்லையா? கூட்டத்தைத் தூண்டியவர்கள் என்று ஊரில் செல்வாக்கான சிலர் மேல் வழக்கு பாய்ந்தது. அந்தப் பட்டியலில் கவுன்சிலர் விஜயராகவாச்சாரியாரும் இருந்தார். கீழ்க் கோர்ட்டில் 10 வருட தண்டனை. மேல்முறையீட்டில் மெட்ராஸ் ஹைகோர்ட் அவரை விடுவித்தது. 1878-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்த தி ஹிந்து, இந்த வழக்குகளைச் சர்க்கார் நடத்திய விதத்தைக் கடுமையாக விமர்சித்தது. அந்தப் பத்திரிகை பெயர் வாங்கியதில் சேலம் விவகாரத்துக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இவர் மேல் சுமத்திய குற்றம் நிற்கவில்லை என்பது உண்மை. அதற்காக அன்று சேலத்து முஸ்லிம்கள் இழந்தது சிறிய விஷயம் ஆகிவிடாது. அவரைப் புகழ்கிற பல கட்டுரைகள் இந்த இரண்டாவது பாதியை வேகமாகத் தாண்டிவிடுகின்றன.

இதே வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். தான் தப்பித்தால் போதும் என்று அவர் ஒதுங்கவில்லை. வைஸ்ராய் ரிப்பன் வரை முறையிட்டு அவர்களுக்கு விடுதலை வாங்கித் தந்தார். இணையத்தில் பல இடங்களில் செல்லுலார் ஜெயிலில் இருந்து மீட்டார் என்று எழுதியிருப்பார்கள். தப்பு. அந்த ஜெயிலைக் கட்டத் தொடங்கியதே 1896-ல்தான். 1882-ல் அங்கே இருந்தது தண்டனைக் குடியிருப்பு.

100 ரூபாய் கேஸ்

கதையில் முக்கியமான இடம் இது. கலவர வழக்கைக் காரணம் காட்டி, மெட்ராஸ் சர்க்கார் அவரை நகராட்சி கவுன்சிலில் இருந்து நீக்கியிருந்தது. அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவே இல்லை. ஹைகோர்ட்டில் விடுதலையான மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். அவரோ இந்திய விவகாரங்களுக்கான லண்டன் மந்திரி மேலேயே கேஸ் போட்டார். சர்க்கார் மேல் வழக்குப் போடுவதென்றால் அன்றைய சட்டப்படி அவர் பெயரில்தான் போட வேண்டும். இப்போது இந்திய ஒன்றியம் என்று எதிர்மனுதாரர் பெயர் போடுகிறோமே, அதைப் போல.

ராஜாங்க காரியத்தைக் கோர்ட் கேள்வி கேட்க முடியாது என்பது சர்க்காரின் வாதம். 1884-ல் மெட்ராஸ் ஹைகோர்ட்டின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. கவுன்சிலரை நீக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தாலும், அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தராமல் நீக்க முடியாது என்றது. நஷ்டஈடு 100 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் விஷயம் லேசுப்பட்டது இல்லை. மக்கள் பிரதிநிதி ஒருவரை விசாரிக்காமல் தூக்கி எறிந்தால் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும் என்று சர்க்காரின் கோர்ட்டே சொல்லிவிட்டது. இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிற தீர்ப்பு இது.

கேள்வி கேட்கலாம், ஆனால்...

1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் கூட்டத்துக்குப் போனவர்களில் இவரும் ஒருவர். ஏ.ஓ. ஹியூமுக்கு நெருக்கமானவர். 1895-ல் மெட்ராஸ் சட்ட கவுன்சிலுக்குத் தேர்வாகி ஆறு வருடம் உட்கார்ந்தார்.

அந்த கவுன்சிலை இன்றைய சட்டமன்றம் மாதிரி நினைக்கக் கூடாது. பொதுமக்களுக்கு ஓட்டு கிடையாது. 1892 சட்டப்படி நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் ஒருவரைப் பரிந்துரைக்கும், சர்க்கார் அவரை நியமிக்கும். தேர்தல் என்ற சொல்லையே சட்டத்தில் போடாமல் சாமர்த்தியமாக எழுதியிருந்தார்கள். புதிதாகக் கிடைத்த உரிமை, சர்க்காரிடம் கேள்வி கேட்பது. அதிலும் நிபந்தனைகள் ஏகப்பட்டது. முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். தலைவர் வேண்டாம் என்றால் கேட்க முடியாது. வந்த பதில் மேல் விவாதம் செய்யக் கூடாது. துணைக் கேள்விக்கு இடமே இல்லை, அது வந்தது 1909 சீர்திருத்தத்துக்குப் பிறகு. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஓட்டெடுப்பு கிடையாது. சர்க்கார் ஆட்களுக்கே மெஜாரிட்டி. இந்தச் சந்துக்குள் நுழைந்துதான் சேலம் மாதிரி ஊர்களின் குறைகள் மெட்ராஸ் போய்ச் சேர வேண்டியிருந்தது.

அந்தச் சந்து கூட எல்லோருக்கும் திறக்கவில்லை. சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காபி வந்தது, பிறகு ஐரோப்பியர்களின் எஸ்டேட்கள் பெருகின. அதே மலையில் காலங்காலமாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்தவர்கள் மலையாளிகள், அதாவது மலைவாழ் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை). 1882-ல் வந்த மெட்ராஸ் வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் இப்படிப்பட்ட மக்களின் சாகுபடிக்கும் மேய்ச்சலுக்கும் கட்டுப்பாடு போட்டது. 1909 சீர்திருத்தத்தில் மெட்ராஸ் மாகாணத் தோட்ட முதலாளிகளுக்கென்று கவுன்சிலில் தனி இடம் கிடைத்தது. மலை மக்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. விஜயராகவாச்சாரியார் எவ்வளவு துணிச்சலானவராக இருந்தாலும், அவரை அனுப்பியது நகரத்து, ஜில்லா போர்டு பெரிய மனிதர்கள்தான். இன்று தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று ஏற்காடு, இன்னொன்று சேந்தமங்கலம்.

1913-ல் அவர் டெல்லி இம்பீரியல் கவுன்சிலுக்குப் போனார். 1916 வரை இருந்தார். மதன் மோகன் மாளவியா, சுரேந்திரநாத் பானர்ஜி போன்றவர்களோடு வேலை செய்த காலம் அது.

தலைவர், ஆனால் கூட்டம் வேறு பக்கம்

கட்சிக்குள்ளும் அவர் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை. 1907 சூரத் பிளவில் அவர் மனது திலகர் பக்கம் இருந்தது. அதன் பிறகு காங்கிரஸை விட்டு ஒதுங்கியே இருந்து, 1916-ல் லக்னோவில் இரு தரப்பும் சேர்ந்தபோதுதான் திரும்பி வந்தார்.

1920 டிசம்பர், நாக்பூர். இந்திய விடுதலைப் போராட்டத்தின் திருப்பமான மாநாடு. ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது இங்கேதான். நான்கணா கொடுத்தால் யாரும் உறுப்பினர், மொழிவாரி மாகாண கமிட்டிகள் என்று கட்சியே உருமாறியது. ஜின்னா காங்கிரஸை விட்டுப் போனதும் இந்த மாநாட்டோடுதான். தலைமை நாற்காலியில் இருந்தவர் சேலத்து விஜயராகவாச்சாரியார். அவருக்கோ காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. கோர்ட்டையும் கவுன்சிலையும் வைத்தே சர்க்காரை மடக்கிப் பழகியவருக்கு, அதையெல்லாம் புறக்கணிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? தன் தயக்கத்தைத் தலைமை உரையிலேயே சொன்னார். மாநாடு காந்தியோடு போனது.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிய ராஜாஜி, இந்த மூத்தவரின் நிழலில் அரசியல் பழகியவர். பிறகு ராஜாஜி காந்தியின் பக்கம் நகர்ந்தார், இருவரின் பாதையும் பிரிந்தது. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1937-ல் மாகாணப் பிரதமராகி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் ஜில்லாவில்தான். அதையும் பெரியவர் உயிரோடு இருந்து பார்த்தார்.

அவரை ஒரே பெட்டிக்குள் அடைப்பது கஷ்டம். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும், மகள்களுக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று வைதிகக் குடும்பத்தில் இருந்து வந்து பேசியவர். அதே மனிதர் 1931-ல் இந்து மகாசபையின் அகோலா மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1944 ஏப்ரல் 19-ம் தேதி இறந்தார். வயது 91. ஜாதி, சொத்து, படிப்பு பார்க்காமல் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தலுக்கு அப்போது இன்னும் ஏறக்குறைய எட்டு வருடம் பாக்கி இருந்தது.