யூத வணிகர் ஜாக் டி பைவா

ராயபுரத்துக்குத் தெற்கே, முத்தியாலுப்பேட்டையில் பவழக்காரத் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே பவழ வியாபாரம் செய்தவர்களில் யூதர்களும் இருந்தனர் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. அவர்கள் சென்னையில் வேரூன்ற வழிசெய்தவர்களுள் முதன்மையானவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஜாக் டி பைவா.

அவருடைய சமூகத்தார் 1492-ம் வருஷம் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள். 1497-ல் போர்ச்சுகலில் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டவர்கள். கடல் கடந்து வந்தும் விடிவில்லை. 1560-ல் கோவாவிலும் இன்க்விஸிஷன் என்னும் மத விசாரணை மன்றம் ஏற்பட்டது. வெளியே கிறிஸ்தவப் பெயரும், வீட்டினுள்ளே மூதாதையர் வழிபாடுமாகக் காலங்கழித்த குடும்பங்கள் பல.

பைவாவோ தம்மவர் யூதராகவே இங்கு வாழ ஆங்கிலக் கம்பெனியாரிடம் அனுமதி பெற்றார். கம்பெனியார் தர்ம சிந்தையால் அதை அளித்தனரென நாம் கருதவில்லை. கோல்கொண்டா வைரம் மேற்கே போகவும், பவழமும் வெள்ளியும் இங்கு வரவும் இவ்வணிகர்கள் வேண்டியிருந்தனர். ஆனால் பைவா லாபத்தோடு நிற்கவில்லை. பெத்துநாயக்கன்பேட்டையில் தொழுகைக் கூடமும் இடுகாடும் அமைத்தார். வைரச் சுரங்கங்களுக்குச் சென்று திரும்பியவர் நோயுற்று, 1687-ல் காலமாகி அவ்விடுகாட்டிலேயே அடக்கமானார். அவர் மனைவியையும் கவர்னர் ஏலையும் பற்றிய வம்பையே சரித்திரக்காரர் விரித்துரைப்பர். நமக்கு அது வேண்டாம். மறுவருஷம் ஏற்பட்ட சென்னை நகரசபையில் யூத வணிகர் மூவர் ஆல்டர்மன்களாக அமர்ந்தனர் என்பதே பெரிது.

அதே நகரசபைதான் பிற்காலத்தில் அந்த இடுகாட்டு நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டிற்று. கல்லறைக் கற்கள் காசிமேட்டுக்குப் போயின. அங்கும் துறைமுகத்துக்கு இடம் வேண்டியிருந்தமையால், 1983-ல் அவை லாயிட்ஸ் ரோடுக்குக் குடிபெயர்ந்தன.