அண்ணலின் தட்டு

காந்தியடிகள் என்றதும் கைத்தடி, மூக்குக் கண்ணாடி, இராட்டை, உப்பு யாத்திரை ஆகியவை நம் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் ‘நான் விரும்பும் தலைவர்’ என்ற தலைப்பில் நம்மில் பலரும் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்போம். எளிய உணவு உண்டார், ஆட்டுப்பால் அருந்தினார் என்ற வரி அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். ஏன் ஆட்டுப்பால்? பசும்பால் கிடைக்காமலா போயிற்று? அன்று எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு அவருடைய சுயசரிதையான சத்திய சோதனையைப் படித்தபோதுதான், அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் காலத் தேடலும் தடுமாற்றமும் இருப்பது தெரிய வந்தது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். குடும்பம் வைணவக் குடும்பம். புலால் உண்ணாத வீடு. தாயார் புத்லிபாய் விரதங்களில் ஊறியவர். ஒரு மழைக்காலத்தில், சூரியனைக் கண்ணால் கண்ட பிறகே உண்பது என்று நோன்பு பூண்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். மேகம் விலகியதும் உள்ளே ஓடித் தாயை அழைப்பார்கள். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். தாயோ சிறிதும் முகம் வாடாமல் வேலைக்குத் திரும்பிவிடுவார். உணவைத் தள்ளிவைக்க முடியும் என்பதைக் காந்தி முதலில் கற்றது இந்த முற்றத்தில்தான்.

ஆனால், பிள்ளை உடனே தாய் வழி நடந்துவிடவில்லை. ராஜ்கோட்டில் படித்தபோது நண்பன் ஒருவனின் பேச்சுக்கு மயங்கி, ஆற்றோரத்தில் மறைந்திருந்து ஆட்டிறைச்சி உண்டார். ஆங்கிலேயர் பலசாலிகளாக இருப்பதற்கும் நம்மை ஆள்வதற்கும் இறைச்சியே காரணம் என்பது அக்கால மாணவரிடையே பரவியிருந்த நம்பிக்கை. அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவது போலத் தோன்றி அவருக்கு உறக்கம் கெட்டதாம். ஆயினும் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு முறை அவ்விருந்து தொடர்ந்தது. அதை அவர் விட்டதற்கு உடல்நலமோ ஜீவகாருண்யமோ காரணம் இல்லை. வீட்டில் பசியில்லை என்று தாயிடம் பொய் சொல்ல வேண்டியிருந்ததே காரணம்.

1888இல் சட்டம் படிக்க இலண்டன் புறப்பட்டபோது மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாய் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்தார். வெளியூரில் தங்கிப் படிக்கும் நமக்கு, அந்தப் பதினெட்டு வயது இளைஞனின் நிலை நன்றாகவே புரியும். தங்கிய வீட்டில் உப்பும் உறைப்பும் இல்லாத வேகவைத்த கீரையும் ரொட்டியும்தான். இன்னொரு துண்டு ரொட்டி கேட்கவும் கூச்சம். அரைவயிற்றோடு தெருத்தெருவாக அலைந்து, ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை வாங்கிக் கொண்டு, உள்ளே சென்று வயிறார உண்டார். இங்கிலாந்து வந்த பிறகு அவர் மனநிறைவோடு உண்ட முதல் உணவு அதுதான். அதுவரை, இந்தியர் அனைவரும் ஒருநாள் இறைச்சி உண்ண வேண்டும் என்றே அவர் எண்ணியிருந்தார். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக மட்டுமே விலகியிருந்தார். அந்நூலைப் படித்த பின்னரே, தாமே தேர்ந்தெடுத்த சைவரானார்.

பிறகு நடந்தது சிக்கனத்தால் வந்த மாற்றம். அண்ணன் அனுப்பும் பணத்தை நினைத்து ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே காய்ச்சிக் கொண்டார். இரவில் ரொட்டியும் கொக்கோவும். நண்பகல் உணவு மட்டும் வெளியே. ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் போதுமானதாயிற்று. வண்டிச் செலவை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். ஊரிலிருந்து வரவழைத்த இனிப்புகளையும் மசாலைப் பொருள்களையும் நிறுத்தினார். தேநீரையும் கோப்பியையும் பெரும்பாலும் கைவிட்டார். முன்பு வாயில் வைக்க முடியாத அதே வேகவைத்த கீரை, இப்போது சுவைத்தது! சுவை நாக்கில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த அனுபவத்தால்தான். இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார். கூட்டத்தில் எழுந்து பேசுவதற்கு மட்டும் அவருக்குத் துணிவு வரவில்லை. நம் சங்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்வோருக்கு இது ஆறுதலான செய்தி.

எல்லாச் சோதனைகளும் வெற்றி பெறவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், சமைக்காத உணவே உயிருள்ள உணவு என்று நம்பி, ஊறவைத்த கோதுமையையும் பயற்றையும் பச்சையாகவே உண்டு பார்த்தார். உடல் தளர்ந்தது, சில நாளிலேயே கைவிட்டார். கைவிட்டதை மறைக்காமல் இலண்டன் சைவ இதழுக்கு எழுதியும் அனுப்பினார். ஜொகானஸ்பர்க்கில் வழக்கறிஞராக இருந்தபோது மலச்சிக்கலும் தலைவலியும் அவரை வாட்டின. காலை உணவைத் தவிர்ப்பவர்களின் சங்கம் ஒன்று மான்செஸ்டரில் தொடங்கப்பட்டதாக நாளிதழில் படித்து, தாமும் தவிர்த்துப் பார்த்தார். தலைவலி அகன்றது. நாள்தோறும் மூன்று வேளை முழு உணவும் மாலைச் சிற்றுண்டியுமாகத் தாம் மிகுதியாக உண்டு வந்ததே நோய்க்குக் காரணம் என்று உணர்ந்தார். காந்தி மிகுதியாக உண்டவர் என்று எந்தப் பள்ளிக் கட்டுரையும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய கொள்கைப் பிடிவாதம் சில வேளைகளில் அச்சமூட்டுகிறது. பம்பாயில் பத்து வயது மகன் மணிலால் டைபாய்டு காய்ச்சலும் நிமோனியாவும் கண்டு கிடந்தபோது, முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கும்படி மருத்துவர் கூறியதைத் தந்தை ஏற்கவில்லை. ஆரஞ்சுச் சாறும் ஈரத்துணிச் சிகிச்சையும் அளித்தார். பிள்ளை பிழைத்துக் கொண்டான். பிழைக்காமல் போயிருந்தால்? அந்த இரவில் தாமும் கலங்கித் தெருவில் நடந்ததைக் காந்தியே எழுதியிருக்கிறார். இதை நான் முன்மாதிரியாகக் கொள்ள மாட்டேன்.

கஸ்தூரிபாய் உப்பை விட்ட கதை வேறு வகையானது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் அவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. உப்பையும் பருப்பையும் விட்டுப் பார்க்கும்படி கணவர் எவ்வளவோ சொல்லியும் அவர் இணங்கவில்லை. இறுதியில், உங்களிடம் யாரேனும் சொன்னால் உங்களாலும் விட முடியாது என்று கேட்டுவிட்டார். காந்தி அந்தக் கணமே இரண்டையும் ஓராண்டுக்கு விடுவதாகச் சபதம் செய்தார். மனைவி பதறி, தாமே விட்டுவிடுவதாகவும் சபதத்தைத் திரும்பப் பெறும்படியும் அழுதார். அவர் பெறவில்லை. கஸ்தூரிபாயின் உடல் தேறியது. உணவால்தான் தேறியதா என்று உறுதியாகக் கூற இயலாது. மருத்துவம் பயிலும் நண்பர்கள் இதைச் சான்றாக ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

ஆனால் என்னைச் சுட்டது அந்த மருத்துவம் அன்று. என் தந்தைக்கு நீரிழிவு நோய் கண்டபோது வீட்டில் சீனி டப்பாவை ஒளித்து வைத்தவன் நான். ஒளித்துவிட்டு, மாமாக் கடையில் நண்பர்களோடு இரண்டு கிளாஸ் தே தாரிக் குடித்துவிட்டு வீடு திரும்புவேன். அப்பா ஒன்றும் சொன்னதில்லை. கஸ்தூரிபாய் சொல்லிவிட்டார். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் விகிதம் அதிகம். இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தே ஓ கொசோங்தான். முதல் மாதம் வாயில் வைக்க முடியவில்லை.

1910இல் ஜொகானஸ்பர்க் அருகே, நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவாயிற்று. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களுள் தமிழரும் இருந்தனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்சிகள் எனப் பல சமயத்தார் சேர்ந்து வாழ்ந்த அங்கே, இறைச்சி கேட்பவருக்கு மறுப்பதில்லை என்றுதான் காந்தி முதலில் எண்ணினார். எல்லாரும் தாமாகவே சைவ உணவுக்கு இணங்கியது அவருக்கே வியப்பாக இருந்தது. மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை. கைத்திரிகையில் கோதுமையை அரைத்துத் தவிடு நீக்காத ரொட்டி சுட்டார்கள். நிலக்கடலையில் வெண்ணெய் எடுத்தார்கள். கோதுமையை வறுத்து, குழந்தைகளும் குடிக்கக்கூடிய கோப்பி செய்தார்கள்.

அந்தப் பண்ணையில்தான் 1912இல் காந்தி பாலைக் கைவிட்டார். பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்பது அவர் கருத்து. கடைசிச் சொட்டையும் கறப்பதற்காகக் கல்கத்தாவில் பசுக்களையும் எருமைகளையும் வதைக்கும் முறை பற்றிப் படித்ததும் அவரைப் புண்படுத்தியது. பழமும் கொட்டையுமே உணவாயிற்று. 1914இல் இலண்டனில் நுரையீரல் உறை அழற்சியால் படுத்தபோது, பால் அருந்தும்படி கோகலே வற்புறுத்தியும் மறுத்துவிட்டார்.

1918இல் அந்த மறுப்பு அவரை மரண வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கேடா மாவட்டத்தில் பெரும்பாலும் கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையும் உண்டு ஊர் ஊராக நடந்தார். வயிற்றுக் கோளாறு தொடங்கியது. பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்றிருந்தார். அன்று பண்டிகை நாள். கஸ்தூரிபாய் ஆக்கி வைத்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியைக் கண்டு சபலப்பட்டு, வயிறு நிறைய உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடும் வயிற்றுக்கடுப்பு. இனிப் பிழைக்கமாட்டோம் என்றே அவர் எண்ணினார். மாதங்கள் கடந்தும் உடல் தேறவில்லை. பால் அருந்தாமல் உடலைத் தேற்ற இயலாது என்று டாக்டர் தலால் கூறினார். சபதத்தைச் சொல்லி நோயாளி மறுத்தார். பக்கத்தில் நின்ற கஸ்தூரிபாய், சபதம் செய்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார். ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட உயிர் வேண்டியிருந்தது. 1919ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காந்தி இணங்கினார்.

சபதத்தின் சொல்லைக் காத்து அதன் ஆன்மாவைக் கொன்றுவிட்டோம் என்று அவர் பல ஆண்டுகள் வருந்தினார். ஒரு தோல்வியைத்தான் நாம் எளிமையின் அடையாளம் என்று பள்ளிக் கட்டுரையில் எழுதி வந்திருக்கிறோம். எனக்கு இப்போது அந்தத் தோல்விதான் பிடித்திருக்கிறது.

பிற்காலத்தில் அவர் பார்வை தம் தட்டிலிருந்து ஊரின் தட்டுக்குத் திரும்பியது. 1934இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழரான ஜே.சி. குமரப்பா. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதில் கைக்குத்தல் அரிசி, சீனிக்குப் பதில் வெல்லம் என்று காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழில் தொடர்ந்து எழுதினார். இது வெறும் கிராமப் பற்று அன்று. 1905இல் நம் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய அரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்டவர்களே பெரிபெரி நோயால் பாதிக்கப்பட்டனர். தவிட்டோடு போய்விடும் சத்து, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் ஏறிவிடுகிறது. தோட்டத்துத் தமிழர்களை அந்நோய் அவ்வளவாக அண்டாததற்கு அவர்கள் உண்ட புழுங்கலரிசியே காரணம். பாட்டிமார் அறிந்தோ அறியாமலோ சரியான அரிசியைத்தான் வடித்திருக்கிறார்கள்.

மதுவிலக்கிலும் அவர் சளைக்கவில்லை. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது அவர் வழியில்தான். கள் இறக்கும் மரத்திலிருந்தே பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சலாம் என்பது காந்தியின் யோசனை. தொழிலாளியின் பிழைப்பும் கெடாது, குடும்பமும் கெடாது. தோட்டத்துக் கள்ளுக்கடையின் கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது, தென்னாப்பிரிக்காவில் தாம் எழுதிய உடல்நலக் கட்டுரைகளைத் திருத்திப் புதிய நூலாக எழுதினார். உட்கார்ந்து வேலை செய்வோருக்கு ஒரு நாள் உணவு என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. தானியம் 6 அவுன்சு. காய்கறியும் கீரையும் அதைவிட அதிகம். பட்டியலின் முதல் வரியில் இருப்பது பால், 2 இராத்தல். பாலில்லாமல் வாழலாம் என்று முன்பு சொன்னதை எழுபத்து மூன்றாவது வயதில் அவரே மாற்றி எழுதினார்.

1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, டில்லியில் பிர்லா மாளிகையில் சர்தார் படேலுடன் பேசிக் கொண்டே இரவு உணவை முடித்தார். வேகவைத்த காய்கறி, பச்சைக் காய்கறி, ஆரஞ்சுப் பழம், ஆட்டுப்பால். பேச்சு நீண்டுவிட்டது. பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதை நினைவூட்டியதும் எழுந்து புறப்பட்டார்.