சிறைக்குள் கண்ட வானகர்

தமிழ் பயிலும் நண்பர்களுள் பலர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள். 1894 இல் வெளிவந்த அக்காப்பியத்திற்கு மூலம் ஓர் ஆங்கில உரைநடை நூல். அதை எழுதியவர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர் அல்லர். ஊர் ஊராய்ச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்துப் பிழைத்த கன்னார் அவர். பெயர் ஜான் பன்யன்.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628 இல் பிறந்தார். 1644 அவருக்குக் கொடிய ஆண்டு. ஜூன் திங்களில் தாய் மறைந்தார்; அடுத்த திங்களே தங்கையும் மறைந்தாள். தந்தையோ சில வாரங்களில் மறுமணம் செய்துகொண்டார். மன்னருக்கும் பாராளுமன்றத்திற்கும் போர் நடந்த காலம் அது. 16 வயதில் பன்யன் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார்.

படையிலிருந்து திரும்பி மணம் புரிந்தபோது அவர்கள் வீட்டில் தட்டும் கரண்டியும் கூட இல்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே. 1650 இல் பிறந்த தலைமகள் மேரிக்குப் பிறவியிலேயே கண்பார்வை இல்லை. தமக்கு மீட்பே கிடையாதோ என்ற அச்சம் பன்யனைப் பல ஆண்டுகள் வாட்டியது. அந்த அச்சத்திலிருந்து மெல்ல மீண்டவர், பெட்போர்டுச் சபையில் சேர்ந்து பிரசங்கம் செய்யலானார். 1658 இல் நான்கு குழந்தைகளை விட்டு மனைவி இறந்தார். மறு ஆண்டு எலிசபெத் என்னும் இளம்பெண்ணை மணந்தார்.

1660 இல் முடியாட்சி மீண்டது. அரசுத் திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டம் கூடிப் பிரசங்கிப்பது குற்றமாயிற்று. நவம்பர் மாதம் ஒரு கிராமத்தில் பேசச் சென்றார் பன்யன். கைது ஆணை பிறந்துவிட்டது, போய்விடுங்கள் என்றனர் நண்பர்கள். சற்று நேரம் வயலோரம் தனியே உலவினார். பின் திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார். பிடிபட்டார்.

இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்தால் சிறைக்கதவு திறந்துவிடும். அவர் கொடுக்கவில்லை. மூன்று மாதத் தண்டனை என்று தொடங்கியது பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

கணவர் சிறைப்பட்ட செய்தி கேட்ட அதிர்ச்சியில் எலிசபெத்துக்குப் பேறுவலி கண்டது; பிறந்த குழந்தை இறந்தது. ஆயினும் 1661 இல் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளின் முன் அந்தப் பெண் தனியே போய் நின்றார். தாம் பெறாத நான்கு பிள்ளைகள் வீட்டில் இருப்பதையும், அவர்களுள் ஒருத்தி கண் தெரியாதவள் என்பதையும், அண்டை அயலாரின் உதவியில் நாட்கள் கழிவதையும் எடுத்துரைத்தார். பிரசங்கத்தை விடுவாரா என்று கேட்டபோது, பேச நாவுள்ளவரை விடத் துணியமாட்டார் என்று கூசாமல் சொன்னார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி இரங்கினார்; ஆனால் விடுதலை கிடைக்கவில்லை. பன்யனின் கதையில் எனக்கு மிகப் பிடித்த மாந்தர் இவ்வம்மையார்தாம்.

சிறையில் பன்யன் ஆயிரக்கணக்கில் முனை கட்டிய கயிறுகள் பின்னி விற்றுக் குடும்பத்துக்கு அனுப்பினார். கண்ணில்லாத மகள் பசியிலும் குளிரிலும் வாடுவாளே என்ற நினைவு மற்ற எல்லாவற்றையும்விடத் தம்மைச் சுட்டதென்று அவரே எழுதியிருக்கிறார். தம் வீட்டைத் தம் கையாலேயே மனைவி மக்கள் தலையில் இடிப்பவன்போல் உணர்ந்தாராம். கொள்கைக்காகப் பிள்ளையைத் தவிக்கவிடலாமா? அவர் செய்தது சரி என்று என்னால் எளிதில் சொல்லிவிட முடியவில்லை. அவராலும் எளிதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் அவரை நம்பச் செய்கிறது.

இந்த வேதனைக்கு நடுவே அவர் எழுதத் தொடங்கியதே மோட்சப் பயணக் கதை. ஒரு குகையில் படுத்துறங்கியவன் கண்ட கனவாக அது விரிகிறது. அந்தக் குகை அவருடைய சிறையே. முதுகில் பாரம் சுமந்த ஒருவன் அழிவூரை விட்டு வானகர் நோக்கி நடக்கிறான். வானகரின் வீதிகள் பொன்னாலானவை. ஆனால் பன்யன் அங்கே நம்மை நெடுநேரம் நிறுத்தவில்லை. பக்கங்களை நிறைப்பவை சேறும், மேடும், சந்தையும், சிறையுமே. ஐயக்கோட்டையில் அடைபட்டு அடியுண்டு கிடக்கும் பயணிக்கு, தன் மார்பிலேயே ஒரு சாவி இருப்பது ஒருநாள் நினைவுக்கு வருகிறது. இறைவனின் வாக்குறுதி என்பது அச்சாவியின் பெயர். பெட்போர்டுச் சிறையைத் திறக்கவும் ஒரு வாக்குறுதிதான் வேண்டியிருந்தது. அந்தச் சாவியைத் தொட மறுத்த கைதான் இந்தச் சாவியைப் படைத்தது.

நகரின் வாயிலுக்கு முன்னே பாலமில்லாத ஓர் ஆறு. பயணி அதில் அமிழ்ந்து போகிறான். அவனைத் தாங்கிக் கரை சேர்ப்பவன் உடன் வந்த தோழன்.

1672 இல் பன்யன் விடுதலை பெற்றார். பின்னர் மீண்டும் சில மாதங்கள் சிறை. 1678 இல் நூல் வெளிவந்ததும் ஏழை வீடுகளில் பைபிளுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் பெட்போர்டிலேயே போதகராய் வாழ்ந்தார்.

1688 ஆகஸ்டில், பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் இணக்கிவைக்க ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றார். இணக்கியும் வைத்தார். அங்கிருந்து லண்டனுக்குப் போகும் வழியில் பெருமழையில் நனைந்து காய்ச்சல் கண்டது. அம்மாதம் 31 ஆம் நாள் நண்பர் ஒருவர் வீட்டில் உயிர் நீத்தார். லண்டனில் பன்ஹில் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் பாரம் சுமந்து நடக்கும் அந்தப் பயணியைச் செதுக்கியிருக்கிறார்கள்.